உதயம் ஸ்டாப்பில் உதயம் இல்லை

நூறடி ரோடு:

நேற்று சாயங்காலம் பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் "உதயம்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார், ஏழெட்டுப் பேர் இறங்கினோம். சென்னை அசோக் நகர் உதயம் தியேட்டர் 2024 பிப்ரவரியோடு மூடியாயிற்று, ஆனால் ஸ்டாப்புக்குப் பெயர் மாறவில்லை, ஷேர் ஆட்டோக்காரர் கூப்பிடுவதும் மாறவில்லை. என்னோடு இறங்கின காலேஜ் பையன் போனில் "உதயத்துல நிக்கிறேன்டா" என்கிறான். அந்தத் தியேட்டருக்குள் அவன் ஒரு தடவையாவது போயிருப்பானா தெரியவில்லை. எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது, வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, அதான் எழுதுகிறேன்.

1983ல் திறந்தது. உதயம், சூரியன், சந்திரன் என்று மூன்று, அப்புறம் மினி உதயம். கணக்குப்படி அது ஒற்றைத் திரை தியேட்டர் இல்லைதான், ஆனால் அதன் சுபாவம் பழைய தியேட்டருடையது. அசோக் நகர், கே.கே. நகர், மேற்கு மாம்பலம், ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர் எல்லோருக்கும் அது சொந்தத் தியேட்டர் மாதிரி. எங்கள் வீட்டில் படத்துக்குப் போகலாம் என்று முடிவு செய்வதற்கும் படம் ஆரம்பிப்பதற்கும் நடுவில் இருபது நிமிஷம் போதும். அம்மா குழம்பை இறக்கி மூடிவைத்துவிட்டு, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தெருமுனையில் பார்க்கிறவர்கள் "என்ன, உதயமா?" என்பார்கள். திரும்பி வரும்போது அதே ஆட்கள் "படம் எப்படி?" என்பார்கள். அவ்வளவுதான், வேறு விமர்சனம் எதுவும் எங்கள் தெருவுக்குத் தேவைப்படவில்லை.

எனக்கு வருத்தம் எதில் என்றால், அப்போது படம் நம் பேட்டைக்கு வந்தது. இப்போது நாம் படத்தைத் தேடி வண்டி எடுத்துக்கொண்டு போய், மூன்று மாடி கீழே பார்க்கிங்கில் விட்டு, பையைத் திறந்து காட்டி, நாலு மாடி ஏறிப் பார்க்கிறோம். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அக்கா உதயத்தில் வாரம் ஒரு படம் பார்த்தவர். இப்போது படமே பார்ப்பதில்லை, "அங்கெல்லாம் யாரு போவாங்க" என்கிறார். இந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உங்கள் பேட்டைத் தியேட்டர் எது, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது, எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை வாசி:

அகஸ்தியா. வேறு என்ன சொல்ல. 1967ல் திறந்தது, ஆயிரம் சீட்டுக்கு மேல், 2020 கொரோனாவில் மூடினது மூடினதுதான்.

எங்க அப்பா ஹார்பரில் வேலை. சம்பள நாள் வந்தால் ஒரு படம், அது வீட்டுச் சட்டம். எங்கள் பக்கத்தில் தியேட்டருக்குப் பஞ்சமே கிடையாது அண்ணே. மகாராணி, கிரௌன், கிருஷ்ணா, பிரபாத், பிராட்வே, மினர்வா, முருகன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். மவுண்ட் ரோடு தியேட்டர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். வட சென்னையில் எத்தனை தியேட்டர் இருந்தது, எத்தனை உழைக்கிற ஜனம் அதில் உட்கார்ந்தது என்று யாரும் எழுதக் காணோம்.

வால்டாக்ஸ் ரோடு முருகன் தியேட்டர் எதுவென்று தெரியுமா? பழைய பெயர் கினிமா சென்ட்ரல். 1931 அக்டோபர் 31ல் காளிதாஸ், அதாவது முதல் தமிழ்ப் பேசும் படம், அங்கேதான் வெளியானது. படப்பெட்டி அந்த ரோட்டில் வந்தபோது ஜனங்கள் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தினார்கள் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். தமிழில் சினிமா பேச ஆரம்பித்த இடம் எங்கள் பக்கம்.

அகஸ்தியாவில் எனக்கு மறக்காதது இன்டர்வெல். வெளியே வந்தால் முறுக்குத் தட்டு, சமோசா, கலர் பாட்டில் மூடி திறக்கிற சத்தம். அப்பாவின் கூட வேலை செய்கிறவர்கள், என் டீச்சர், மளிகைக் கடைக்காரர், எல்லோரும் அங்கேதான். டீச்சரைத் தியேட்டரில் பார்த்தால் ஒளிந்துகொள்வோம், அவர் சிரித்துக்கொண்டே ஒரு முறுக்கு வாங்கிக் கொடுப்பார். மறுநாள் வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டால் அடியும் அதே கையில்தான்.

மயிலை மாடவீதி:

எனக்கு எழுபத்து நாலு வயது. ஞாபகம் இருக்கிறவரை எழுதிவிடுகிறேன்.

மயிலாப்பூரில் எங்களுக்குக் காமதேனுவும் கபாலியும். காமதேனு கல்யாண மண்டபமாயிற்று. என் தங்கை மகள் ரிசப்ஷனே அங்கேதான் நடந்தது. மேடை இருந்த பக்கம் ஸ்கிரீன் இருந்ததா, சாப்பாட்டுப் பந்தி பக்கம் இருந்ததா என்று நானும் என் தம்பியும் இலை போடும்வரை விவாதம் பண்ணிக்கொண்டிருந்தோம். தி.நகரில் நாகேஷ் தியேட்டரும் மண்டபம்தான் ஆயிற்று. பாண்டி பஜாரில் டி.ஆர். ராஜகுமாரி கட்டிய ராஜகுமாரி தியேட்டர் இருந்த இடத்தில் கடைகள். அந்தம்மா நடித்த ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வந்து, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஒரே தியேட்டரில், ஒரே படம். இன்றைக்கு ஒரு படம் மூன்று வெள்ளிக்கிழமை கண்டால் போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

மவுண்ட் ரோடில் நடந்து போனால் எனக்கு இப்போது இருக்கிற கட்டடங்கள் கண்ணில் படுவதே இல்லை. வெலிங்டன், நியூ எல்பின்ஸ்டன், ஓடியன், மிட்லண்ட், கெயிட்டி, அலங்கார், ஆனந்த், சாந்தி, சஃபையர் என்றுதான் வரிசை ஓடுகிறது. கெயிட்டி 1914ல் ரகுபதி வெங்கையா கட்டியது. நம் ஆள் ஒருவர் சொந்தமாகக் கட்டி நடத்திய தியேட்டர், இந்தப் பக்கத்திலேயே முதலாவது. அதை இடித்தபோது ஒரு பலகைகூட வைக்கவில்லை. சாந்தி 1961ல் திறந்து 2016ல் மூடியது.

சஃபையர் வளாகத்தில் மூன்று தியேட்டர், சஃபையர், எமரால்டு, புளூ டயமண்ட். புளூ டயமண்டில் தொடர் காட்சி. காலையில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம், போகிற நேரத்தில் படம் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை, சுற்றி வந்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நான் வேலை தேடி அலைந்த வருஷம், மே மாதம், காலையில் ஒரு கம்பெனியில் நேர்முகம், மத்தியானம் இன்னொன்று, நடுவில் மூன்று மணி நேரம். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஏசியில் உட்கார்ந்திருப்பேன். ஒரே இங்கிலீஷ் படத்தின் இரண்டாம் பாதியை முதலிலும் முதல் பாதியைப் பிறகும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வியர்வை காய்ந்து, சட்டை காலர் உலர்ந்து, தலை சீவிக்கொண்டு வெளியே வருவேன். சிபாரிசுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லாத ஒரு பையனைக் கேள்வி கேட்காமல் உட்காரவிட்ட இடம் அது. அதற்குப் பிறகு அப்படி ஒரு இடத்தை இந்த நகரத்தில் நான் பார்க்கவில்லை.

கீழ்ப்பாக்கம் அக்கா:

எல்லாம் படித்தேன், கண் கலங்கியது நிஜம். ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கோபப்படாதீர்கள்.

நீங்கள் எழுதுகிற தியேட்டரும் நான் போன தியேட்டரும் வேறு வேறு. நான் காலேஜ் படித்த நாளில், 1988, 89, புடவைத் தலைப்பில் ஒரு ஊக்கு எப்போதும் இருக்கும், குத்திக்கொள்ள அல்ல, பின் சீட்டிலிருந்து வருகிற கையைக் குத்த. தோழிகள் நாலு பேர் போனால் ஓரச் சீட்டில் யார் உட்காருவது என்று முறை வைத்துக்கொள்வோம். செகண்ட் ஷோ என்பது எங்களுக்குக் கேள்விப்பட்ட விஷயம் மட்டும்தான். மாட்னிக்குப் போகிற அன்று அம்மா காலையிலிருந்தே "தண்ணி குடிக்காதே" என்பார். ஏன் என்றால் அங்கே பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எந்தத் தியேட்டர் என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு அல்ல.

லேடீஸ் கவுண்ட்டர் ஞாபகம் இருக்கிறதா யாருக்காவது? இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு ஆள் அகலம், மேலே கம்பி, உள்ளே வெளிச்சம் வராது. முன்னால் நிற்கிறவளின் பின்னல் மூக்கில் உரசும். கடைசியில் கை மட்டும் நுழைகிற ஓட்டை. அதில் காசை நீட்டினால் இன்னும் இரண்டு கை சேர்ந்து நீளும், வளையல் கீறி ரத்தம் வரும், டிக்கெட் கசங்கி ஈரமாக வரும். அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வரும்போது இருந்த சந்தோஷத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் என் நாற்பதாவது வயதில்தான், ஒரு மாலில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக ஒரு படம் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்டர்வெலில் பயமில்லாமல் தண்ணீர் குடித்தேன். பழசு போயிற்றே என்று அழும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

நூறடி ரோடு:

அக்கா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு எங்க அம்மாவிடம் போய்க் கேட்டேன். உதயத்துக்கு அவ்வளவு ஆசையாக வருவீர்களே, இப்படியெல்லாம் இருந்ததா என்று. "நீயும் உங்கப்பாவும் ரெண்டு பக்கம் உக்காருவீங்க, அதான் வந்தேன்" என்றார். இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. நான் எழுதினதில் இந்தப் பாதி விட்டுப்போயிற்று, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தாழ்ப்பாள் போட்டு, தண்ணீர் விட்டு, விளக்குப் போட்டு அதே தியேட்டரை நன்றாக வைத்திருக்க முடியாதா? இடித்துத்தான் ஆகவேண்டுமா?

பெட்டிக்காரர்:

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் விநியோகத்தில் இருந்தவன், ஆரம்பத்தில் ரெப். ரெப் என்றால் தெரியாதவர்களுக்கு: விநியோகஸ்தர் சார்பில் தியேட்டரில் போய் உட்கார்ந்து, டிக்கெட் நம்பர் எதில் தொடங்கி எதில் முடிந்தது என்று பார்த்து, டி.சி.ஆர்., அதாவது அன்றாட வசூல் கணக்கு, எழுதிக் கையெழுத்து வாங்கி, வசூலில் நம் பங்கைக் கொண்டுவருகிறவன்.

அந்தக் காலத்தில் மெட்ராஸ் சிட்டிக்கு ஒரு படம் மூன்று அல்லது நாலு தியேட்டரில்தான் ரிலீஸ். சிவாஜி படம் என்றால் சாந்தி, கிரௌன், புவனேஸ்வரி. உலகம் சுற்றும் வாலிபன் 1973ல் தேவி பாரடைஸ், அகஸ்தியா, உமா. அதாவது மவுண்ட் ரோடில் ஒன்று, வடக்கே ஒன்று, புரசை பக்கம் ஒன்று. இவ்வளவு பெரிய நகரத்தில் அந்தப் படத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது. அதனால்தான் ஆயிரம் சீட் தியேட்டர் நூறு நாள் நிறைந்தது. அது ஓடி ஓய்ந்தபிறகு பிரிண்ட், அதாவது படத்தின் ஃபிலிம் பிரதி, சைதாப்பேட்டைக்கு, பல்லாவரத்துக்கு, தாம்பரத்துக்கு, அப்புறம் செங்கல்பட்டு ஏரியாவின் டூரிங் கொட்டாய் வரைக்கும் போகும். ஒரு பிரிண்ட் தேய்ந்து கோடு விழுந்து மழை பெய்கிற மாதிரி ஆகும்வரை சம்பாதிக்கும். பிரிண்ட் போடுவது செலவு, அதனால் எண்ணிக்கை குறைவு. எண்ணிக்கை குறைவாக இருந்ததால்தான் எல்லோருக்கும் முறை வந்தது.

டிஜிட்டல் வந்ததும் பிரிண்ட் செலவு போயிற்று. ஒரே வெள்ளிக்கிழமை, நகரத்தில் இருக்கிற எல்லா ஸ்கிரீனிலும் அதே படம். மூன்று நாளில் பார்க்கிறவன் பார்த்து முடித்தான். திங்கட்கிழமை மத்தியானம் ஆயிரம் சீட் தியேட்டரில் முப்பது பேர். முப்பது பேருக்கும் அதே ஏசி, அதே கரண்ட் பில், அதே ஆட்கள். மல்டிபிளெக்ஸ்காரன் அதே முப்பது பேரை நூறு சீட் ஸ்கிரீனுக்கு மாற்றிவிட்டுப் பெரிய ஸ்கிரீனில் வேறு படம் போட்டுவிடுவான். ஒற்றைத் திரைக்காரன் எங்கே மாற்றுவான்? நாலு வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், மிச்சம் இருந்த குடும்பமும் வீட்டிலேயே உட்கார்ந்தது.

நடுவில் அடி மேல் அடி. தொண்ணூறுகளில் கேபிள் டிவி, அப்புறம் திருட்டு விசிடி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்தபோது தமிழ்நாடு முழுக்க தியேட்டர்கள் சில நாள் கதவை மூடின. 2018 மார்ச் ஏப்ரலில் டிஜிட்டல் கட்டணம் யார் கட்டுவது என்று தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக், புதுப்படமே இல்லாமல் ஒன்றரை மாதம். அப்புறம் கொரோனா. இதில் எதுவும் தனியாக ஒரு தியேட்டரைக் கொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவு மூடும்போது ஓனர் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். தாத்தா கட்டினார், அப்பா நடத்தினார், இப்போது பங்காளிகள் ஐந்து பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். தியேட்டர் நிற்கிறது மெயின் ரோட்டில், பத்துப் பதினைந்து கிரவுண்டில். அந்த இடத்தை விற்றால் வருகிற வட்டி, தியேட்டர் ஓட்டி வருகிற லாபத்தைவிடப் பல மடங்கு. சி ஃபார்ம், அதாவது தியேட்டர் நடத்துகிற லைசென்ஸ், புதுப்பிக்கிற அலைச்சல் வேறு. எந்த ஓனரையும் நான் குறை சொல்லமாட்டேன். விற்ற ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவன்.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்றால், கொஞ்ச வருஷம் கூடப் பிழைத்திருக்கும். அந்த அம்மா சொன்னது முழுக்க உண்மை. பெண்களும் குடும்பங்களும் வராமல் போனதில்தான் முதல் ஓட்டை விழுந்தது, நாங்கள் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

ஆபரேட்டர் மகள்:

வணக்கம். நான் இதில் எழுதுவது முதல் தடவை. எங்கப்பா புரொஜெக்டர் ஆபரேட்டர், லைசென்ஸ் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவர். சென்னையில் மூன்று தியேட்டரில் வேலை பார்த்தார்.

நான் படத்தைப் பார்த்ததைவிட பூத்தை, அதாவது புரொஜெக்டர் ஓடுகிற அறையை, பார்த்ததுதான் அதிகம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். இரும்பு ஏணிப்படி ஏறினால் உள்ளே அனல். இரண்டு மெஷின் பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெட்டி, அதற்குள் செம்பு பூசின இரண்டு கார்பன் குச்சி, நுனிக்கு நுனி கொஞ்சம் இடைவெளி. கரண்ட் பாய்ந்தால் அந்த இடைவெளியில் வெல்டிங் மாதிரி ஒரு வெளிச்சம் எரியும். பின்னால் இருக்கிற வட்டக் கண்ணாடி அதைத் திரட்டி முன்னால் தள்ளும். குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், ஸ்கிரீனில் படம் மஞ்சளாக மங்கும், உடனே கீழேயிருந்து விசில் பறக்கும். அதனால் அப்பா கறுப்புக் கண்ணாடி வழியே அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருகிக்கொண்டிருப்பார். எரிந்து முடிந்த துண்டுகளை எனக்குக் கொடுப்பார், எங்கள் தெருவில் பாண்டிக் கட்டம் போடுவதெல்லாம் அந்தக் கார்பனில்தான்.

ஒரு ரீல் இருபது நிமிஷம். அது முடிவதற்குள் இரண்டாவது மெஷினில் அடுத்த ரீல் மாட்டி, ஃபிலிமைப் பல்சக்கரங்களில் கோத்து, கார்பன் பற்றவைத்துத் தயாராக நிற்கவேண்டும். ஸ்கிரீனின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அப்போது மோட்டாரைப் போடவேண்டும். சில விநாடி கழித்து இரண்டாவது புள்ளி, அப்போது இந்த மெஷினை மூடி அந்த மெஷினைத் திறக்கவேண்டும். சரியாகச் செய்தால் கீழே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. "யாருக்கும் தெரியலன்னா நான் இன்னிக்கி நல்லா வேலை பாத்திருக்கேன்னு அர்த்தம்" என்பார். இன்றைக்கும் டிவியில் பழைய படம் ஓடினால் அந்தப் புள்ளி வருகிற இடத்தில் அப்பாவின் வலது கை தன்னால் ஒரு இஞ்ச் எழும்பும். அவருக்கே தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் கார்பன் போய் ஜெனான் விளக்கு வந்தது, வேலை கொஞ்சம் லேசாயிற்று. அப்புறம் டிஜிட்டல். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் கேட்பது "பெட்டி வந்தாச்சா", அதன்பிறகு "கீ வந்தாச்சா" என்று கேட்டார்கள், கீ என்றால் டிஜிட்டல் படத்தின் பூட்டைத் திறக்கிற கம்ப்யூட்டர் சாவி. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பையன் வந்தான், நல்ல பையன், அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவான். அப்பாவைக் கொஞ்ச நாள் டிக்கெட் கிழிக்கிற இடத்தில் நிற்கவைத்தார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளம் பாக்கி, அது வரவே இல்லை. அதைப் பற்றிக்கூட அப்பா பேசியது கிடையாது. மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்ட அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதிலிருந்து ஒரு லென்ஸை மட்டும் கேட்டு வாங்கி வந்தார், எங்கள் வீட்டு சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மயிலை மாடவீதி:

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். புளூ டயமண்டில் ஆயிரம் மணி நேரமாவது உட்கார்ந்திருப்பேன், பின்னால் திரும்பி அந்தச் சின்ன ஜன்னலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வேளச்சேரி தம்பி:

நான் இங்கே சின்னவன், 1999ல் பிறந்தவன். படித்தவரைக்கும் எல்லாம் ரொம்பப் பிடித்தது. ஸ்கூல் படிக்கும்போது முன்வரிசை பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு நானும் வரிசையில் நின்றிருக்கிறேன், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் புரிகிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் எல்லோரும் மூடின தியேட்டரைப் பற்றியே எழுதுகிறீர்கள். 1941ல் திறந்த காசினோ இன்னும் ஓடுகிறது. 1970ல் திறந்த தேவி ஓடுகிறது, எழும்பூரில் ஆல்பர்ட் ஓடுகிறது. கடைசியாக எப்போது போனீர்கள்? பெரம்பூர் பிருந்தா 1985ல் ஆரம்பித்துப் போன வருஷம், 2025 ஏப்ரலில், மூடியபோது கடைசி நாள் அத்தனை பேர் வந்து வாசலில் செல்ஃபி எடுத்தார்கள். அதற்கு முந்தின மாதம் அவர்கள் எங்கே இருந்தார்கள்? நான் தேவியில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஸ்கிரீன் அகலத்துக்கும் ஆள் கூட்டத்தோடு சேர்ந்து எழும்புகிற சத்தத்துக்கும் எந்த மாலும் பக்கத்தில் வராது. வார நாளில் பாதி சீட் காலியாக இருக்கும்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

நூறடி ரோடு:

தம்பி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். உதயம் மூடுவதற்கு முந்தின ஆறு வருஷத்தில் நான் அங்கே ஒரு படம்கூடப் பார்க்கவில்லை. நடந்து போகிற தூரம். குழந்தைகள் மால் என்றார்கள், போனில் டிக்கெட் போடுவது சுலபமாக இருந்தது, அப்படியே பழகிவிட்டது. மூடுகிறார்கள் என்று பேப்பரில் படித்த அன்றுதான் ஓடிப்போய் வாசலில் நின்றேன். அந்த முப்பது பேரில் நான் இல்லாமல் போனேன், பெட்டிக்காரர் ஐயா எழுதினதைப் படிக்கும்போது அதுதான் உறுத்தியது.

வருகிற ஞாயிறு தேவி பாரடைஸ் மாட்னிக்கு நான், அம்மா, வேலை செய்கிற அக்கா, அவர் பெண் நாலு பேரும் போகிறோம். டிக்கெட் கவுண்ட்டரில் நின்றுதான் வாங்கப்போகிறேன். யார் வருகிறீர்கள்?

தண்டையார்பேட்டை வாசி:

நானும் வீட்டுக்காரியும். முறுக்கு என் பொறுப்பு, உள்ளே விடவில்லை என்றால் வாசலிலேயே தின்றுவிட்டுப் போவோம்.

கீழ்ப்பாக்கம் அக்கா:

நான் வருகிறேன். ஓரச் சீட் கொடுத்தாலும் சரி.

மயிலை மாடவீதி:

வருகிறேன். கொஞ்சம் முன்னாலேயே வந்து, பக்கத்தில் அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தையும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். அந்த வளாகத்துக்குள்தான் 1913ல் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இருக்கிறது. இப்போது அதில்தான் தபால்தலை சேகரிப்பவர்களுக்கான அலுவலகம். ஞாயிறு கதவு திறந்திருக்காது, வெளியே நின்று பார்த்தால் போதும்.

ஆபரேட்டர் மகள்:

அப்பாவிடம் கேட்டேன். முழங்கால் வலி, மாடி ஏற முடியாதே என்றார். தேவி பாரடைஸில் படி ஏறவேண்டாம்ப்பா, சுற்றிச் சுற்றிச் சாய்தளம்தான், மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றேன். ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னார். டிக்கெட் வாங்குகிறவர் யாரோ அவரிடம் ஒன்று சொல்லச் சொன்னார்: கடைசி வரிசை வேண்டுமாம், பூத்துக்கு நேர் கீழே.